குடமும் கீற்றும்: இசைக்கருவியின் வளைபரப்பில் மென்மரம் பொருத்தும் கலை

அரபு மொழியில் 'ஊத்' என்னும் சொல் மரம், கட்டை, கோல் எனப் பல பொருள் தருவது. நறும்புகை எழுப்பும் அகிற்கட்டையையும் அச்சொல்லே குறிக்கும். உருது வழியாக நம் கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்த 'ஊதுபத்தி'யின் முற்பாதி அதுவே; வாயால் ஊதுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. பேரிக்காய் வடிவில் அமைந்த குடமும், குட்டையான கழுத்தும், பின்னோக்கி மடிந்த தலையும் உடைய நரம்புக்கருவி ஒன்றுக்கும் இதுவே பெயராயிற்று. தோல் போர்த்த முகத்திற்கு மாற்றாக மரமுகம் பெற்றமையால் கருவிக்கு 'மரம்' என்றே பெயர் வந்தது என்பர் இசை வரலாற்றாசிரியர் சிலர். 'அல் ஊத்' என்பது ஸ்பெயினில் 'லாவுத்' ஆகி, பிரெஞ்சில் 'லூத்' ஆகி, ஆங்கிலத்தில் 'லூட்' ஆயிற்று என்பது மொழிநூலார் பெரிதும் ஏற்கும் முடிபு.

இசை குறித்து மார்க்க அறிஞரிடையே நிலவும் கருத்து வேறுபாடுகள் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. நாம் ஈண்டு நோக்குவது இசையை அன்று. அதற்கு முன்னதாகிய தச்சுத் தொழிலை. அத்தொழிலிலும் ஒரே ஒரு வினாவை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். மரத்தை அறுத்தால் கிடைப்பது தட்டையான பலகை. கருவியின் குடமோ உருண்டு திரண்டது. தட்டையானதை உருண்டையின்மேல் எங்ஙனம் பொருந்தச் செய்வது?

இதற்குத் தமிழ்த்துறை மலரில் இடம் எதற்கு என்று மாணவர் கேட்கக்கூடும். பொருநராற்றுப்படையின் தொடக்கத்தில் யாழின் உறுப்புகள் ஒவ்வொன்றாக வருணிக்கப்படுகின்றன. இவ்வினாவை எண்ணிப் பாராதவர்க்கு அப்பகுதி உவமைகளின் குவியல்; எண்ணிப் பார்த்தவர்க்கு அது தொழிற்குறிப்பு. இதுவே நம் கருத்து. அவ்விடத்திற்குச் செல்லுமுன் ஊத் செய்வோரின் பட்டறையில் சிறிது நேரம் நிற்க வேண்டியுள்ளது.

சொல் பற்றி ஒரு குறிப்பு. மரத்திலிருந்து சீவி எடுக்கும் மெல்லிய தகட்டைத் தச்சர் 'வெனீர்' என்றே வழங்குகின்றனர். இதற்குத் தனித்தமிழ்ச் சொல் ஆக்குதல் அரிதன்று. ஆயினும், பட்டறையில் நிற்கும் தச்சருக்குப் புரியாத ஒரு சொல்லை நூலில் மட்டும் புழங்கவிடுவதால் மொழிக்கு வரும் ஊதியம் யாதெனத் தெரியவில்லை. ஆகவே வெனீர் என்றே எழுதுவோம். ஊத்தின் முதுகில் அமையும் நீண்ட வளைந்த பட்டைகளைக் 'கீற்று' என்போம். பூசணிக்கீற்றை அறிந்தவர்க்கு அதன் வடிவை மேலும் விளக்க வேண்டியதில்லை. கருவியின் வயிற்றுப்பகுதிக்குத் தஞ்சை வீணைப் பட்டறைகளில் வழங்கும் 'குடம்' என்ற சொல்லே போதும்.

குடைந்ததும் கட்டியதும்

நரம்புக்கருவியின் குடத்தை ஆக்க இரு வழிகள் உள. ஒன்று குடைதல், மற்றொன்று கட்டுதல்.

தஞ்சாவூர் வீணை முதல் வகையினது. பண்ணுருட்டிப் பகுதியிலிருந்து வரும் பலாமரத்தைப் பிளந்து, உளிகொண்டு உள்ளே குடைந்து, வெளியே திரட்டிக் குடம் ஆக்குவர். குடம், தண்டி, யாளிமுகம் மூன்றும் ஒரே மரத்தில் அமைந்தால் அதனை ஏகாண்ட வீணை என்பர். தனித்தனியே செய்து இணைத்தால் அது ஒட்டு வீணை. 2013-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற இக்கருவியின் குடத்தில் வளைவு என்பது உளி தருவது. மரத்தை யாரும் வளைப்பதில்லை. வளைவுக்குப் புறம்பான மரத்தை அகற்றுகின்றனர். பாரசீகத்தின் பழைய 'பர்பத்' கருவியும் ஒரே மரத்தில் குடையப்பட்டதே என்பர். சீனத்துப் பீபாவும் சப்பானியப் பீவாவும் இந்த இனத்தைச் சேர்ந்தவை. சப்பானின் நாரா நகரத்துச் சோசோயின் கருவூலத்தில், கி.பி. 756-இல் கோயிலுக்குக் காணிக்கையாக்கப்பட்ட ஐந்நரம்புப் பீவா ஒன்று இன்றும் காக்கப்படுகிறது. அதன் முதுகும் குடைந்து திரட்டிய மரமே.

ஊத் இவ்வழியினின்று விலகிற்று. அதன் முதுகு, மெல்லிய கீற்றுகளை வளைத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்டிக் கட்டப்படுவது. ஏன் இந்த மாற்றம்? குடைந்த குடத்தை ஓர் அளவுக்குமேல் மெலிதாக்க இயலாது. உருண்டையான வடிவை நேர்மரத்தில் வெட்டும்போது, மரத்தின் இழைகள் சில இடங்களில் குறுக்கே அறுபடுகின்றன. இழை அறுந்த இடம் மெலிந்தால் அங்கே பிளவு உண்டாகும். கீற்றை வளைத்தாலோ இழைகள் அறுபடாமல் வளைவோடு கூடவே ஓடுகின்றன. ஆகவே 2 அல்லது 3 மில்லிமீட்டர்த் தடிப்பே கொண்ட முதுகும் நரம்புகளின் இழுவையைத் தாங்குகிறது. ஐரோப்பிய லூட்டில் இத்தடிப்பு 1 மில்லிமீட்டர் அளவுக்கும் இறங்கியதுண்டு. மறுமலர்ச்சிக் கால லூட் ஒன்றின் எடை ஒரு கிலோகிராமுக்கும் குறைவு என்றால், வீணையைத் தூக்கிப் பழகியவர் வியப்பர்.

பந்தில் படியாத தாள்

இனி வினாவின் உள்ளே புகுவோம். ஒரு தாளை எடுத்துக் குழாயின்மேல் சுற்றுங்கள், சுருக்கமின்றிப் படியும். கூம்பின்மேலும் படியும். அதே தாளை ஒரு பந்தின்மேல் போர்த்துங்கள். எத்துணை முயன்றாலும் சுருங்கும் அல்லது கிழியும். குழாய் ஒரு திசையில் மட்டும் வளைந்தது. பந்து இரு திசைகளிலும் வளைந்தது. ஒரு பரப்பை நீட்டாமலும் சுருக்காமலும் வளைக்கும்போது அதன் உள்ளார்ந்த வளைவளவு மாறாது என்பதை ஜெர்மானியக் கணித மேதை காஸ் 1827-இல் நிறுவினார். தட்டையான தாளுக்கு அவ்வளவு சுழி, பந்துக்குச் சுழியன்று. எனவே ஒன்று மற்றொன்றாக மாறாது.

காசுக்கு நெடுங்காலம் முன்னரே இவ்வுண்மையைக் கையால் அறிந்தவர் தையற்காரர். துணித்தொப்பியின் மேற்பகுதியை ஒரே துண்டில் வெட்டுவதில்லை. முக்கோணம் போன்ற துண்டுகளாக வெட்டித் தைக்கின்றனர். குடையின் துணியும் அவ்வாறே. நிலவுருண்டை செய்வோரும் இதே வழியை மேற்கொண்டனர்: 1507-இல் வால்ட்சீமுல்லர் அச்சிட்ட உலக உருண்டைப் படம் 12 கீற்றுகளாகத் தாளில் அமைந்தது, அவற்றை வெட்டி உருண்டையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். கோள வடிவைச் சமதளத்தில் வரைவதன் இடர்ப்பாட்டை அல்பிரூனி 11-ஆம் நூற்றாண்டிலேயே தனி நூலில் ஆராய்ந்துள்ளார்.

துணிக்கும் தாளுக்கும் இல்லாத மேலும் ஒரு தொல்லை மரத்திற்கு உண்டு. மரம் எல்லாத் திசையிலும் ஒருபடித்தானது அன்று. இழையோட்டத்தின் நெடுக்கே அது விறைப்பானது. வளைக்க வெப்பம் வேண்டும். குறுக்கே அது எளிதில் வளையும். ஆனால் எளிதில் பிளக்கவும் செய்யும். ஆகவே மரத்தகட்டை இரு திசைகளிலும் ஒருசேர வளைக்க முயல்வது பந்தைத் தாளால் போர்த்துவதைக் காட்டிலும் கடினம். உருண்டையைப் பல கீற்றுகளாகப் பகுத்து, ஒவ்வொரு கீற்றையும் நெடுக்கே மட்டும் வளைத்து, குறுக்கே தட்டையாகவே விட்டுவிடுவதுதான் ஊத் தச்சர் கண்ட வழி. இரு வளைவுகளில் ஒன்றை மரம் ஏற்கிறது. மற்றொன்றை மூட்டுகள் ஏற்கின்றன.

கீற்றுகள் எத்தனை என்பதும் விருப்பத்தால் மட்டும் அமைவதன்று. பசரா நகரில் 10-ஆம் நூற்றாண்டில் இயங்கிய 'இக்வானுஸ் ஸஃபா' என்னும் தூய உடன்பிறப்பாளர் குழுவினர் தம் இசை மடலில் ஊத்தின் அளவுகளைத் தருகின்றனர். நீளம் அகலத்தின் ஒன்றரை மடங்கு. ஆழம் அகலத்தில் பாதி. கழுத்து நீளத்தில் கால் பங்கு. முகப்பலகை மெல்லியதாய், உறுதியும் நொய்மையும் உடையதாய், தட்டினால் ஒலிப்பதாய் இருத்தல் வேண்டும். நரம்புகளின் பட்டிழை எண்ணிக்கையையும் 64, 48, 36, 27 என ஒவ்வொன்றும் முன்னதில் முக்கால் பங்காகக் கூறிச் செல்லும் கணக்கர்கள் அவர்கள். ஆழம் அகலத்தில் பாதி என்றால், குடத்தின் அகன்ற இடத்துக் குறுக்குவெட்டு சரியான அரைவட்டம் என்பது பெறப்படும்.

அகலம் 36 செ.மீ. எனக் கொள்வோம். அரைவட்டத்தின் ஆரம் 18 செ.மீ.; அதன் வளைவு நீளம் ஏறத்தாழ 56.5 செ.மீ. இதனை 15 கீற்றுகளாகப் பகுத்தால் ஒவ்வொன்றின் நடு அகலம் 3.8 செ.மீ. தட்டையான அக்கீற்று, வட்டத்தினின்று நடுவில் ஏறத்தாழ 1 மி.மீ. விலகும். 3 மி.மீ. தடித்த கீற்றில் இந்த 1 மி.மீ. மேட்டைச் சுரண்டி உருட்டிவிடலாம். 21 கீற்றுகளானால் விலக்கம் அரை மில்லிமீட்டரே. 9 கீற்றுகளானாலோ அது 2.7 மி.மீ.; சுரண்டினால் மூட்டு ஓட்டையாகும். 9 அல்லது 11 கீற்றுகளோடு லூட் செய்த பொலோனியாவின் லாக்ஸ் மாலர் போன்றோரின் கருவிகள் நீண்ட வடிவினவாக அமைந்ததை இக்கணக்கோடு வைத்து எண்ணிப் பார்க்கலாம். அவர் 1552-இல் மறைந்தபோது பட்டறையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட லூட்கள் இருந்தனவாக இருப்புப் பட்டியல் காட்டுகிறது. ஒருவர் கைவேலை அன்று அது, தொழிற்கூடம்.

பட்டறையில்

முதலில் அச்சு வேண்டும். குடத்தின் உட்புற வடிவத்தை ஒத்த மரக்கட்டை அது. அல்லது விலா எலும்புகள் போலப் பலகைகளை நிறுத்திய கூடு. பர்கண்டி அரசவையில் மருத்துவராகவும் வானியலாளராகவும் இருந்த ஆர்னோ த ஸ்வோல் என்பவர் 1440 அளவில் எழுதிய கையெழுத்துப் படியில், காம்பசு ஒன்றைக் கொண்டே லூட்டின் வடிவத்தையும் அதன் அச்சையும் வரையும் முறையைப் படத்தோடு தந்துள்ளார். அப்படி இன்று பாரிசு தேசிய நூலகத்தில் உள்ளது. அளவுகோலின் எண்கள் அதில் முதன்மை பெறவில்லை, எல்லாம் விகிதமே.

கீற்றுக்குரிய மரம் வாதுமைக் கொட்டை மரமான வால்நட்டோ, ஏப்ரிகாட்டோ, ரோசுமரமோ ஆகலாம். கருமரமும் வெண்மரமும் மாறிமாறி வைத்து அழகு செய்வதும் உண்டு. ஆல்பைன் மலைச்சாரலில் ஃபியூசன் நகரத்தார் யூ என்னும் மரத்தைப் பயன்படுத்தினர். செம்பழுப்பு வைரமும் வெண்ணிறப் புறமரமும் ஒட்டியிருக்கும் எல்லையில் கீற்றை அறுத்தால், ஒரே கீற்றில் இரு நிறம் கிடைத்துவிடும். 1562-இல் லூட் தச்சர்க்கெனத் தனிச் சங்கம் கண்ட ஊர் அது. அவ்வட்டாரத்திலிருந்து வெனிசுக்கும் பதுவாவுக்கும் சென்ற தீஃபன்புருக்கர் குடும்பத்தார் செய்த சில லூட்களில் கீற்றுகள் 30-க்கும் மேற்பட்டவை.

வளைத்தல் சூட்டினால் நிகழ்வது. மரத்தில் செல்லுலோசு இழைகளைப் பிணைத்து நிற்கும் லிக்னின் என்னும் பொருள், ஈரமும் வெப்பமும் சேர்ந்து 100 பாகை செல்சியசை நெருங்கும்போது இளகும். ஆறினால் மீண்டும் இறுகும். உள்ளே தீயோ மின்கம்பியோ வைத்துச் சூடேற்றிய இரும்புக் குழாயின்மேல் ஈரக் கீற்றை வைத்து, இரு முனைகளையும் மெல்ல அழுத்துவர். குழாயில் தெளித்த நீர்த்துளி சீறிக் குதித்தால் சூடு போதும் என்பது அடையாளம். மரம் 'விட்டுக்கொடுக்கும்' நொடியைக் கை உணரும். அதற்கு முன் அழுத்தினால் முறியும். சூட்டோடு அச்சில் வைத்துப் பார்த்து, மிகையாயின் நிமிர்த்தி, குறையாயின் மீண்டும் காட்டி வளைப்பர்.

மெலிவு ஏன் இன்றியமையாதது என்பதும் இங்கே விளங்கும். வளைந்த கீற்றின் வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் சுருங்குகிறது. அந்நீட்சி, தடிப்பை வளைவு ஆரத்தின் இருமடங்கால் வகுத்தால் கிடைக்கும் அளவினது. 15 செ.மீ. ஆர வளைவில் 3 மி.மீ. கீற்று 1 விழுக்காடு நீள்கிறது. உலர்ந்த மரம் நெடுக்கில் முறியாமல் தாங்கும் எல்லை ஏறத்தாழ அதுவே. கீற்றின் தடிப்பு பாதியானால் நீட்சியும் பாதியாகும். வெப்பத்தால் இளகிய மரம் நீள்வதில் பெரிதும் மேம்படுவதில்லை. சுருங்குவதில்தான் பன்மடங்கு இடங்கொடுக்கிறது. தடித்த மரத்தை வளைக்கும் நாற்காலித் தொழிலாளர் வெளிப்புறத்தில் இரும்புப் பட்டை கட்டி, நீள்வதற்கே இடமில்லாமல் செய்து, முழுவதையும் உட்புறச் சுருக்கமாக மாற்றிவிடுவது இதனாலேதான்.

வளைத்தபின் விளிம்பை இழைத்தல். ஒட்டுமொத்த வேலையில் கடினமானது இதுவே என்பது நம் துணிபு. கீற்று நடுவில் அகன்று இரு முனைகளிலும் கூம்ப வேண்டும். விளிம்பு அடுத்த கீற்றின் விளிம்போடு ஒளி புகாதவாறு பொருந்த வேண்டும். அதுவும் வளைவு நெடுக. கீற்றைப் பலகையில் வைத்து இழைக்க இயலாது. நீண்ட இழைப்புளியைத் தலைகீழாக நிறுத்தி, கீற்றை அதன்மேல் ஓட்டுவர். நடுக்கீற்றை முதலில் அச்சில் நிறுத்தி, இருபுறமும் மாறிமாறி வளர்த்துக்கொண்டே செல்வர். ஒருபுறம் மட்டும் கட்டிச் சென்றால் ஒவ்வொரு மூட்டிலும் சேரும் மயிரிழைப் பிழை பதினைந்தாம் கீற்றில் விரற்கடையாகிக் குடம் கோணிவிடும்.

ஒட்டுவது வச்சிரம். விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் இப்பசை சூட்டில் நீராய் ஓடும், ஆறினால் கூழாய் உறையும், உலர்ந்தால் கல்லாகும். மீண்டும் ஈரமும் சூடும் பட்டால் விட்டுக்கொடுக்கும். பழுது பார்ப்பவருக்கு இக்குணம் பெரும் பேறு. இன்றைய செயற்கைப் பசைகள் பலவற்றால் ஒட்டிய கருவியைப் பிரிக்க முனைந்தால் மரமே கிழியும்.

அச்சினின்று எடுத்த குடத்தின் உட்புறத்தில், மூட்டுகளின்மேல் தாள் அல்லது பதப்படுத்திய தோலின் நாடாக்களை ஒட்டுவர். மூட்டின் பற்றும் பரப்பு 1 மில்லிமீட்டர் அகலமே ஆதலால் இத்துணை வேண்டியதாகிறது. ஐரோப்பியத் தச்சர் பழைய கையெழுத்து ஏடுகளைக் கிழித்து இதற்குப் பயன்படுத்தியதுண்டு. ஏட்டுச்சுவடிகள் ஆற்றில் விடப்பட்ட கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது நெஞ்சில் தைக்கிறது. ஆயினும் அந்தத் துண்டுகள் குடத்தின் இருளில் பல நூற்றாண்டு பிழைத்துக் கிடந்தன என்பதையும் மறப்பதற்கில்லை.

டமாஸ்கஸ் நகரில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் ஊத் செய்து புகழ்பெற்ற குடும்பத்தாரின் பெயர் 'நஹாத்'. அரபியில் அதற்குச் செதுக்குபவர் என்று பொருள். செதுக்காமல் கட்டும் கருவிக்குச் செதுக்குபவர் பெயர் நிலைத்தது ஒரு வேடிக்கை. ஊத் செய்தலும் இசைத்தலும் ஈரான், சிரியா நாடுகளின் மரபுரிமையாக 2022-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளது.

கழுத்தில் போர்த்தும் கருங்காலி

குடத்தில் மரம் தானே சுவராக நிற்கிறது. வேறொரு மரத்தின்மேல் போர்வையாக ஒட்டப்படும் வெனீரைக் காண லூட்டின் கழுத்துக்குச் செல்ல வேண்டும். விரல் ஓயாது உராயும் இடம் அது, வன்மரம் வேண்டும். ஆனால் கழுத்து முழுவதும் கருங்காலி ஆனால், நொய்ய குடத்தை அது கீழே சாய்த்துவிடும். ஆகவே நொய்ய மரத்தில் கழுத்தைச் செய்து, அதன்மேல் கருங்காலி வெனீர் போர்த்தினர். தென்னிந்தியக் காடுகளிலும் இலங்கையிலும் வளரும் இம்மரம் நீரில் அமிழும் அளவு அடர்ந்தது.

கழுத்தின் முதுகு அரைவட்டம், குழாயின் பாதி. ஒரு திசை வளைவே ஆதலால் ஒரே தகட்டில் போர்த்தலாம். இழையோட்டம் கழுத்தின் நெடுக்கே செல்வதால் தகடு குறுக்கில் வளைகிறது; வளைவது எளிது, பிளப்பதும் எளிது. மேலும் ஓர் இடர்: வச்சிரம் பூசிய பக்கம் ஈரம் குடித்து விரியும், பூசாத பக்கம் விரியாது. தகடு கழுத்தைத் தழுவுவதற்கு மாறாக வெளிப்புறம் சுருண்டுகொள்ளும். தேர்ந்த தச்சர் வெளிப்பக்கத்தையும் நனைத்து இதனைச் சமன் செய்வர். அல்லது முன்னரே சூட்டுக்குழாயில் வளைத்து வைத்துக்கொள்வர். ஒட்டியபின் நாடாவால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டுவர். அகன்ற வளைபரப்பாயின், தட்டையான முனை கொண்ட வெனீர்ச் சுத்தியலால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் தள்ளி, மிகுந்த பசையையும் காற்றையும் வெளியேற்றுவர். சூடாக்கிய மணல்மூட்டையை மேலே வைத்து அழுத்துவதும் பழைய முறை. மணல் எவ்வளைவுக்கும் தன்னைத் தகவமைத்துக்கொள்ளும். இன்று அதனிடத்தில் காற்றை உறிஞ்சும் பை வந்துள்ளது. பையினுள் வெற்றிடமானால் வளிமண்டலமே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையாக அழுத்தும். ஒட்டியபின் விரல்நகத்தால் தட்டிப் பார்ப்பர். ஒட்டாத இடம் பொள்ளென்று ஒலிக்கும். சூடு காட்டி மீண்டும் அழுத்துவர்.

பெரிய பியானோவின் வளைந்த விளிம்பும் ஒரு திசை வளைவே. மேப்பிள் மரத்தகடுகளை அடுக்கிப் பசையிட்டு ஒரே முறையில் வளைக்கும் அம்முறைக்கு ஸ்டைன்வே நிறுவனம் 1880-இல் காப்புரிமை பெற்றது. இரு திசை வளைவில் ஒரே தகடாக ஒட்டக்கூடிய வெனீர் அண்மைக் காலத்தில் ஜெர்மனியில் ஆக்கப்பட்டுள்ளது. அதன் உட்பொருளை நோக்கினால், தகட்டை மிகக் குறுகிய இழைகளாகக் கீறி, பின்புறம் பசைநூலால் பிணைத்துள்ளனர். கண்ணுக்கு ஒரே தகடு. உண்மையில் ஊத்தின் கீற்றுகளே, எண்ணிக்கை மட்டும் நூற்றுக்கணக்காயிற்று.

யாழின் போர்வை

இனிப் பொருநராற்றுப்படை. முடத்தாமக்கண்ணியார் யாழின் பத்தரை மானின் குளம்பு பதிந்த தடத்தோடு ஒப்பிடுகிறார். உரைவழி நோக்கின், இருபுறமும் தாழ்ந்து நடு உயர்ந்த வடிவம் அது. அதன்மேல் விளக்குச் சுடரின் நிறமுடைய தோற்போர்வை இழுத்துக் கட்டப்பட்டுள்ளது. போர்வையின் தையல், இளஞ்சூல் கொண்ட பெண்ணின் வயிற்றில் மெல்லிதாய் ஓடும் மயிரொழுங்கு போன்றது. துளைகளை அடைத்த ஆணிகள் வளையில் வாழும் நண்டின் கண்கள் போன்றவை.

வகுப்பறையில் இப்பகுதியை உவமை நயம் என்ற தலைப்பில் நடத்தி முடித்துவிடுகிறோம். தேர்விலும் அவ்வாறே வினா அமைகிறது. ஊத்தின் பட்டறையிலிருந்து திரும்பியவர் வேறொன்றைக் காண்பர். இளஞ்சூல் வயிறு இரு திசைகளிலும் வளைந்த பரப்பு. குளம்புத் தடம் போன்ற பத்தரும் அத்தகையதே, இன்னும் சிக்கலானது. தோல், மரத்தைப்போல் விறைத்ததன்று. நனைந்த தோல் எத்திசையிலும் நீளும், உலர்ந்தால் இறுகும். ஆதலால் கீற்றுகளாக அறுக்க வேண்டிய தேவை அதற்கில்லை. ஆயினும் நீட்சிக்கும் ஓர் எல்லை உண்டு. எஞ்சும் சுருக்கத்தை எங்கேனும் ஓரிடத்தில் திரட்டியாக வேண்டும். அந்த இடமே தையல். 'பொல்லம்' என்ற சொல்லுக்குத் தோலின் தலைப்புகளைக் கூட்டித் தைத்தல் என்னும் கருத்தில் உரைகாரர் பொருள் காண்பதும் இதற்கு இயைகிறது.

மயிரொழுங்கு வயிற்றின் நடுவே, மேட்டின் முகட்டில், மேலிருந்து கீழாக ஒற்றைக் கோடாக ஓடுவது. ஆகவே யாழின் தையலும் பத்தரின் உயர்ந்த நடுவரையில் ஒற்றைக் கோடாக ஓடியிருத்தல் வேண்டும் என்று கருத இடமுண்டு. தாழ்ந்த இருபுறமும் தோல் தனித்தனியே இறங்கிப் படிய, முகட்டில் இரு தலைப்பும் சந்திக்கின்றன. தொழில்நுட்ப நோக்கில் சுருக்கத்தைத் திரட்டத் தக்க இடமும் அதுவே. தையல் பள்ளத்தில் ஓடினால், உலரும் தோல் இறுகும்போது அது பரப்பினின்று மேலெழும்பி விலகிவிடும். முகட்டில் ஓடினால் இறுக இறுக மரத்தோடு அழுந்தும். ஊத்துக்குப் பதினைந்து மூட்டுகள். யாழ்ப் போர்வைக்கு ஒன்று. வேறுபாடு பொருளால் வந்தது, வினா ஒன்றே.

பழந்தமிழ் யாழ் ஒன்றும் நம் கைக்கு எட்டவில்லை. மரமும் தோலும் மண்ணில் மக்கியவை. விபுலானந்த அடிகள் 1947-இல் வெளியிட்ட யாழ்நூலில் இலக்கியச் சான்றுகளையும் கணக்கையும் துணைக்கொண்டு யாழ்களை மீட்டெழுப்பினார். அதன்பின் யாழை மீண்டும் செய்து பார்க்கும் முயற்சிகள் தொடர்கின்றன. அவ்வாறு செய்யப் புகும் தச்சர், பத்தரைக் குடைந்து முடித்து, நனைத்த தோலைக் கையில் ஏந்தி நிற்கும்போது, தையலை எப்பக்கத்தில் வைப்பது என்று கேட்பார். முகட்டில், நடுவே, மேலிருந்து கீழாக, மயிரிழைபோல் நெருக்கமான தையலாக என்று விடை கூறலாம். துளைகளை அடைக்கும் ஆணிகளின் தலை எவ்வளவு புடைத்திருக்க வேண்டும் என்று அவர் அடுத்துக் கேட்டால், வளையிலிருந்து எட்டிப் பார்க்கும் நண்டின் கண்ணைக் காட்டலாம்.